தவக்காலத்துப் பியரில் ஒரு மிடறு

மதுபானம் என்றவுடன் எமது பெண்களின் மனதில் முதலில் எழுவது அதன் மணம்தான். படலை திறக்கும் சத்தத்துக்கு முன்பாகவே முற்றத்துக்கு வந்துவிடும் சாராய மணம். சில வீடுகளில் கசிப்பு மணம். அந்த மணத்தை வைத்தே இன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணக்கிட்டு, பிள்ளைகளுக்குக் கெதியாகச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைக்கும் தாய்மார் பலரை நான் அறிவேன். அதன் சுவையைப் பற்றிக் கேட்டால் "எங்களுக்கென்ன தெரியும்" என்பார்கள். அருந்துபவர் ஒருவர், விளைவை அனுபவிப்பவர் இன்னொருவர் என்பதுதான் எமது பல வீடுகளில் மதுபானத்தின் கதையாக இருந்துவருகிறது.

வன்னிக் கிராமங்களில் சமூகப் பணியாளராக வேலைசெய்யத் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. இக்காலப்பகுதியில் நான் அதிகமாகக் கேட்ட வசனம் ஒன்று உண்டு. "அவர் நல்லவர் அக்கா. குடிச்சால்தான் அப்படி." வீங்கிய கன்னத்தோடு வந்தவர்களும் இதைச் சொன்னார்கள். கைமுறிந்து வைத்தியசாலையில் இருந்தவர்களும் இதையே சொன்னார்கள். கணவனை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு பெண், குற்றம் முழுவதையும் போத்தலின் மேல் சுமத்திவிட்டுத் தன் வாழ்க்கையைத் தொடர்வதற்கான வழி அது. அந்த வசனத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் பல நாட்கள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அதற்கான பதிலைத் தேடும் வழியை எனக்குக் காட்டியது நான் சற்றும் எதிர்பாராத ஓர் இடம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்களில் வேலைசெய்வோருக்கான ஒரு பயிற்சிக்காக இரண்டு கிழமைகள் ஜேர்மனியின் மியூனிக் நகரில் தங்கியிருந்தேன். அந்நாட்டின் முதலாவது பெண்கள் பாதுகாப்பு இல்லம் 1976ஆம் ஆண்டு மேற்கு பேர்லினில் திறக்கப்பட்டது. நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட அவர்களது அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளவே போயிருந்தோம். பகல் முழுவதும் வகுப்பும் கள விஜயமும். ஒருநாள் மாலை, எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த சமூகப் பணியாளர், ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி, "இப்பொழுது எங்கள் ஊரில் கடும் பியர்க் காலம். குடிக்காவிட்டாலும் வந்து பாருங்கள்" என்று எங்கள் மூவரை ஒரு பியர் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார்.

பியருக்கு ஒரு காலமா என்று வியந்தேன். அதைவிட வியப்பு, அது தவக்காலம் என்பது. விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரையுள்ள நோன்பு நாட்களில் எமது கத்தோலிக்கச் சகோதரிகள் இறைச்சியை விடுவார்கள். குடிப்பவர்கள்கூட அந்த நாற்பது நாட்களும் குடியை விடுவதுண்டு. பவேரியா மாநிலத்திலோ அந்த நாட்களில்தான் வருடத்தின் மிகக் கடுமையான பியரைத் திறக்கிறார்கள்.

காரணம் ஒரு துறவி மடம். பதினேழாம் நூற்றாண்டில் மியூனிக்கில் குடியேறிய, பாவோலா நகர்ப் புனித பிரான்சிசின் சபையைச் சேர்ந்த துறவிகள், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை வருடம் முழுவதும் தவிர்ப்பவர்கள். தவக்காலத்தில் உணவு இன்னும் சுருங்கும். எனினும் திரவம் நோன்பை முறிக்காது என்பது அக்காலக் கொள்கை. எங்கள் அம்மாமார் கந்தசஷ்டிக்கு இளநீரும் பாலும் மட்டும் அருந்தி ஆறு நாட்கள் இருப்பதைப் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே தானியத்தைக் கூடுதலாகப் போட்டு, குடிக்கக்கூடிய பாண் போன்ற ஒரு பியரை அவர்கள் வடித்தார்கள். 1634ஆம் ஆண்டிலேயே அவர்களது பியர் பற்றிய குறிப்பு உண்டு. 1780ஆம் ஆண்டில் அதை வெளியாருக்கு விற்கும் அனுமதி கிடைத்தது. துறவிகள் போய்விட்டார்கள். போலனர் என்ற அவர்களது பெயர் இன்று ஒரு பெரிய பியர்த் தொழிற்சாலையின் பெயராக நிற்கிறது. அந்த நோன்புப் பியரின் பெயர் சல்வாட்டோர், மீட்பர் என்று பொருள். பிற்காலத்தில் மற்றத் தொழிற்சாலைகளும் தங்கள் கடும் பியர்களுக்கு மக்சிமாட்டோர், ஒப்டிமாட்டோர் என்று அதே ஓசையில் முடியும் பெயர்களை வைத்துக்கொண்டன.

நான் அதுவரை எந்த மதுபானத்தையும் வாயில் வைத்தவள் அல்ல. எங்கள் வீட்டில் மாமா ஒருவர் குடிப்பவர். மாமி பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மணமே வயிற்றைக் குமட்டும். அன்றும் அப்பிள் சாறுதான் கேட்டேன். அந்தப் பெண்மணி வற்புறுத்தவில்லை. தனக்கு ஓர் அரை லீற்றர்க் குவளை வாங்கினார். பாண், பாற்கட்டி, உப்புத் தூவிய முள்ளங்கி என்பன மேசைக்கு வந்தன. பக்கத்து மேசையில் ஒரு பாட்டியும் பேரப்பெண்ணும். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் பெண்களின் வாழ்க்கையை இவ்வளவு தூரம் தீர்மானிக்கும் ஒரு பொருளை ஒருமுறையாவது அறிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே முடிவெடுத்து, ஒரு சிறிய கிளாஸில் கேட்டேன்.

செம்மை கலந்த மண்ணிறம். கடும் சாயத் தேத்தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்தது போன்றிருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனபோது நான் பயந்த மணம் வரவில்லை. வந்தது சின்ன வயதில் அம்மா சுடுதண்ணீரில் கரைத்துத் தந்த நெஸ்டமோல்ட் மணம். முதல் மிடறு இனித்தது. அடுப்பில் சற்றுக் கருகிய பாண் ஓரம், பனங்கட்டி, அதற்குப் பின்னால் மெல்லிய கசப்பு. விழுங்கிய பிறகுதான் தொண்டையிலிருந்து நெஞ்சுவரை ஒரு சூடு இறங்கியது. அது நன்றாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். மனிதர்கள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்பது எனக்கு அந்த ஒரு மிடறில் விளங்கியது.

நெஸ்டமோல்ட் மணத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை முளைவிட்ட தானியம்தான். நாங்கள் பயறை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைக்கவிடுவதைப் போல, வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்துகிறார்கள். இதுதான் மோல்ட். முளைக்கும்போது உண்டாகும் நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்ற உதவுகின்றன. உலர்த்தும் சூடு கூடக்கூட நிறமும் பாண் மணமும் கூடும். அந்தச் சீனியை மதுவம் அற்ககோலாக மாற்றுகிறது. சாதாரண பியரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மோல்ட் சத்து இந்தக் கடும் பியருக்குச் சேர்க்கப்படுவதால், அற்ககோலும் கூடுகிறது, மாறாமல் எஞ்சும் இனிப்பும் கூடுகிறது. எங்கள் பனங்கள் இறக்கிய அன்றே புளித்து வெறியேறிவிடும். இது குளிரில் பல கிழமைகள் கிடந்து பதப்பட வேண்டும். குளிர்காலத்தில் வடித்தால் தவக்காலத்துக்குத் தயார்.

இனிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அளவையும் சொல்ல வேண்டும். சல்வாட்டோரில் 7.9 வீதம் அற்ககோல். அரை லீற்றர்க் குவளை ஒன்றில் ஏறக்குறைய 31 கிராம் சுத்த அற்ககோல் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்தில் இருப்பது ஏறக்குறைய 47 கிராம். எங்கள் உடல் ஒரு மணித்தியாலத்தில் அகற்றக்கூடியது 7 முதல் 10 கிராம் மட்டுமே. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், ஒரே அளவைக் குடித்தாலும் எமது இரத்தத்தில் அது கூடுதலாகச் சேரும். பியர் தானே, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு எவ்வளவு பிழையானது என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

சிறிய கிளாஸ் முடிந்தபோது காது மடல்கள் சூடாகியிருந்தன. நாக்கு இலகுவாகியிருந்தது. வழக்கமாக ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் நான் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்: "குடித்தால்தான் அவர் அப்படி என்று இங்கேயும் பெண்கள் சொல்வார்களா?"

"ஒவ்வொரு கிழமையும் கேட்கிறேன்" என்றார். "நான் அவர்களிடம் ஒரேயொரு கேள்விதான் திருப்பிக் கேட்பேன். வெறியில் அவர் பொலிஸ்காரருக்கு அடித்திருக்கிறாரா? தன் முதலாளிக்கு அடித்திருக்கிறாரா?"

பின்பு அவர் எனக்கு விளங்கப்படுத்திய ஒரு வழக்கம் அந்தக் கேள்வியைவிடப் பெரிய பாடமாக இருந்தது. மியூனிக்கில் நொக்கர்பேர்க் என்ற மேட்டில், அந்தத் துறவிகளின் பியர் பரம்பரையைத் தொடரும் பெரிய மண்டபம் ஒன்று உண்டு. கடும் பியர்க் காலம் தொடங்கும்போது அங்கே முதலமைச்சர், அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டு இருத்துவார்கள். ஒவ்வொருவர் முன்னும் பியர் இருக்கும். மேடையில் ஒருவர் தோன்றி, தவக்காலப் பிரசங்கம் என்ற பெயரில், அவர்கள் செய்த ஊழல்களையும் விட்ட பிழைகளையும் பெயர் சொல்லியே கிண்டலடிப்பார். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் அங்கேயே இருந்து சிரிக்க வேண்டும். எழும்பிப் போனாலும் கோபித்தாலும் அவமானம் அவர்களுக்குத்தான். 2011ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரை இந்தப் பிரசங்கத்தைச் செய்தவர் ஒரு பெண். லூயிஸ கின்செர் என்ற நகைச்சுவைக் கலைஞர். "அம்மா பவேரியா" என்ற வேடத்தில் நின்று, பொறுப்பற்ற பிள்ளைகளை ஒரு தாய் கண்டிப்பது போல அமைச்சர்களைக் கண்டித்தார். நான் போன வருடம்தான் அவரது கடைசி மேடை. அதன் ஒளிப்பதிவை அந்தப் பெண்மணி எங்களுக்குப் போட்டுக் காட்டினார். மொழி விளங்காவிட்டாலும் அந்த முகங்கள் விளங்கின. நாட்டின் பலசாலியான ஆண்கள், கையில் கடும் பியருடன், ஒரு பெண்ணிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பிறவியிலேயே சாதுவானவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1888ஆம் ஆண்டு மார்ச் மாதம் இதே நொக்கர்பேர்க்கில், இதே பியரைக் குடித்துப் பெரும் கைகலப்பு மூண்டது. அதைச் "சல்வாட்டோர் சண்டை" என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சண்டைக்கும் பிற்காலத்துச் சிரிப்புக்கும் பியர் ஒன்றுதான். மாறியது, குடித்தவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஊர் வைத்த கட்டுப்பாடு.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஒரு நூலைப் பற்றி அறிந்திருந்தேன். கிரெய்க் மக்அன்ட்ரூ, ரொபேர்ட் எட்கேர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட, குடிபோதையில் மனிதர் நடந்துகொள்ளும் முறை பற்றிய நூல் அது. உலகின் பல்வேறு சமூகங்களை ஒப்பிட்டு அவர்கள் சொன்ன முடிவு இதுதான்: அற்ககோல் நடையைத் தள்ளாட வைக்கும், நாக்கைக் குழற வைக்கும். அது எல்லா மனிதருக்கும் பொது. ஆனால் குடித்தவன் அழுவதா, பாடுவதா, அடிப்பதா என்பதை அவன் தன் சமூகத்திடமிருந்து கற்றுக்கொள்கிறான். குடித்திருக்கும் நேரத்தைச் சமூகம் ஒரு விடுமுறை நேரமாக ஏற்றுக்கொள்கிறது. அந்த விடுமுறைக்கும் எல்லைகள் உண்டு, அந்த எல்லைகள் வெறியிலும் அவனுக்குத் தெரியும். பரீட்சைக்காக நான் படித்த இந்த விடயம் அந்த மண்டபத்தில்தான் எனக்கு உயிர்பெற்றது. அங்கே நோன்புகாலப் பியர், வலியவர்களைக் கேள்வி கேட்பதற்கு ஊர் கொடுத்த அனுமதி. எங்கள் வீடுகளில் சாராயம், எளியவளை அடிப்பதற்கு ஊர் கொடுத்த அனுமதியாகிவிட்டது.

ஜேர்மனியில் குடியால் துன்பம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் பார்த்த பாதுகாப்பு இல்லங்களில் இடம் போதாமல் இருந்தது. அதே நகரில் இலையுதிர் காலத்தில் நடக்கும் ஒக்டோபர்ப் பியர்த் திருவிழாவில், வெறியில் இருப்பவர்களின் தொந்தரவுக்கு ஆளாகும் பெண்களுக்காக 2003ஆம் ஆண்டு முதல் பெண்கள் அமைப்புகள் ஒரு பாதுகாப்பு நிலையத்தை நடத்திவருகின்றன. பயந்துபோன பெண்கள் அங்கே வந்து இருக்கலாம், பாதுகாப்பாக வீடு போய்ச்சேர உதவி கேட்கலாம். "பியரை நிறுத்த எங்களால் முடியாது. ஆனால் வெறியில் நடந்தது என்ற சாட்டை நிறுத்தலாம்" என்றார் அந்தப் பெண்மணி.

அங்கு நான் அறிந்த இன்னொரு விடயமும் எமது வாசகியருக்குச் சொல்லத்தக்கது. ஐரோப்பாவில் பியர் வடிப்பது நீண்டகாலம் பெண்களின் வீட்டு வேலையாக இருந்தது. எங்கள் வீடுகளில் கூழ் காய்ச்சுவது போல. சீர்திருத்தத் திருச்சபையைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் மனைவி கத்தரினா, தங்கள் பெரிய குடும்பத்துக்கும் விருந்தினருக்கும் தானே பியர் வடித்தவர். பவேரியாவின் மல்லர்ஸ்டோர்ஃப் கன்னியர் மடத்தில் 1970கள் முதல் பியர் வடிப்பைப் பொறுப்பாக நடத்தியவர் ஓர் அருட்சகோதரி. வடிப்பது சந்தைக்கும் தொழிற்சாலைக்கும் போனபோதுதான் வருமானமும் அதிகாரமும் ஆண்களின் கைக்குப் போயின. பெண்ணுக்கும் மதுவுக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பதும் இயற்கையல்ல, சமூகம்தான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எமது நாட்டில் இதே கேள்வி அந்த வருடம் ஜனவரி மாதத்தில்தான் எழுந்திருந்தது. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று பல தசாப்தங்களாக இருந்த மதுவரி விதியை அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும்படி பணித்தார். பெண் குடித்தால் கலாசாரம் கெட்டுவிடும் என்று எத்தனை குரல்கள் எழுந்தன! அந்தக் குரல்களில் எத்தனை, குடித்துவிட்டு வந்து பெண்ணை அடித்தால் கலாசாரம் என்னவாகும் என்று கேட்டன? பெண்கள் குடிக்கவேண்டும் என்பது என் வாதமல்ல. ஒரு பெண் வாங்கும் போத்தலைப் பார்த்துக் கொதிக்கும் ஊர், அவள் முதுகில் உடையும் போத்தலைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்கிறதே என்பதுதான் என் கவலை.

நாடு திரும்பிச் சில மாதங்களின் பின், குழுக் கூட்டமொன்று முடிந்து எல்லோரும் போனபிறகு, அறுபதை அண்டிய ஒரு தாயார் என்னோடு தனியே இருந்தார். அவரது அனுமதியுடன், ஊர் பெயர் எதுவுமின்றி இதை எழுதுகிறேன். இடம்பெயர்வுகள், இழப்புகள் எல்லாவற்றையும் பற்றிப் பேசியவர், கடைசியில் கணவரின் அடியைப் பற்றியும் பேசினார். "மனுசன் நல்லவர் பிள்ளை, குடிச்சாத்தான்..." என்று தொடங்கினார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அம்மா, அவர் வெறியில வேற ஆருக்கும் அடிச்சிருக்கிறாரோ?"

கனநேரம் யோசித்தார். "இல்லைப் பிள்ளை. முந்தி சந்தியில ஆமியின்ர சென்றி இருந்தது. எவ்வளவு வெறியில வந்தாலும் அந்த இடத்தில சைக்கிளால இறங்கி, மடிச்சுக் கட்டின சாரத்தை அவிட்டு விட்டிட்டு, 'சேர்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் உருட்டிக்கொண்டு வருவார். எங்கட படலைக்க வந்தாப் பிறகுதான் எல்லாம்." சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அவருக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு, என்ன?" என்றார்.

நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. சென்றியில் சாரத்தை இறக்கிவிடத் தெரிந்த கை எது, படலைக்குள் ஓங்கத் தெரிந்த கை எது என்பதை அவர் தானாகவே கண்டுகொண்டார். முப்பத்தைந்து வருடங்களாக, தான் சரியாகச் சமைக்கவில்லை, தான் வாயை அடக்கவில்லை, அவருக்குக் குடி பொல்லாதது என்று மாறி மாறிச் சொல்லிவந்த காரணங்கள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவரிடமிருந்து இறங்கின.

போரின் காயம் ஆண்களுக்கும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அங்கம் இழந்தவர்கள், நித்திரையில்லாமல் குடியில் நித்திரையைத் தேடுபவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இரக்கமும் வைத்தியமும் வேண்டும். ஆனால் அதே செல்லடிக்குள் இருந்த, அதே பிள்ளையைப் புதைத்த தாயும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் யாருக்கும் அடிப்பதில்லையே. காயம் குடிக்கக் காரணமாகலாம், அடிக்க அனுமதியாக முடியாது.

இன்னொரு சாராரையும் மறக்க முடியாது. இரவில் பிள்ளைகள் தூங்கியபின், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் குடித்துவிட்டுப் படுக்கும் பெண்களும் எம்மிடையே இருக்கிறார்கள். கணவன் காணாமல் போனபின் தொடங்கியது, முகாமில் தொடங்கியது என்று மிகவும் தாழ்ந்த குரலில் சிலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆண் குடித்தால் "பாவம், கவலை" என்பவர்கள், பெண் குடித்தால் அவளது நடத்தையைப் பேசுவார்கள். இதனால் அவள் வைத்தியரிடமும் போவதில்லை. சகோதரிகளே, இது ஒழுக்கக்கேடு அல்ல. உதவி தேவைப்படும் ஒரு துன்பம். நித்திரைக்காகக் குடிப்பது, சிறிது காலத்தில் நித்திரையை இன்னும் கெடுக்கும். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இதற்கு வைத்தியம் உண்டு.

அந்த மாலையின் பின் நான் வேறு எந்த மதுவையும் தேடவில்லை. அந்தச் சுவை எனக்குப் பிடித்திருந்தது. ஆயினும் பழக்கமாக்கிக்கொள்ளும் தேவை எனக்கு இல்லை. மதுவைப் பாதுகாப்பாக அருந்தக்கூடிய அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தெளிவாகவே கூறியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களுக்கு அது ஒரு காரணி. கருவுற்ற பெண்கள் ஒரு மிடறும் அருந்தக்கூடாது. இவற்றையெல்லாம் அறிந்து, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தானே முடிவெடுக்கும் உரிமைதான் அந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் வேண்டாம் என்றேன், யாரும் முகம் சுழிக்கவில்லை. பிறகு கொஞ்சம் என்றேன், யாரும் ஏளனம் செய்யவில்லை. ஒரு கிளாஸ் போதும் என்றேன், யாரும் இன்னும் ஊற்றவில்லை. எமது பெண்களுக்குத் தங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே இந்த "வேண்டாம்" கிடைக்காமல் இருக்கிறது.

ஆகவே "குடிச்சால்தான் அவர் அப்படி" என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், அவருடன் வாதாட வேண்டாம். பக்கத்தில் இருந்து அந்தக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள். விடையை அவரே தேடட்டும். குடிப்பழக்கத்துக்கு வைத்தியம் தேடுவதும் அடியை நிறுத்துவதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டியதில்லை. நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவர் திடீரென முற்றாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே வைத்திய ஆலோசனையுடனேயே நிறுத்தச் செய்யுங்கள். அடியைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்க முடியும். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். தானாக விரும்பிக் குடித்ததை, தப்பித்துக்கொள்ளும் வழியாக எமது தண்டனைச் சட்டமும் ஏற்பதில்லை. சட்டம் ஏற்காத அந்தச் சாட்டை, நாங்கள் மட்டும் ஏன் இன்னும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்?